டோரதி ஊற்றாத முட்டை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பெங்களூர் ஆடுகோடியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில். எனக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது. சட்டைக்குள் கையை நுழைக்க வீட்டில் யாராவது உதவ வேண்டும். எழுதுவதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. அது வாசகரின் துரதிர்ஷ்டம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்குவார், இறக்குவார், நடுவில் கண்ணை மூடி இளைப்பாறுவார். அவரை அழைத்து வரும் மருமகள் டோரதி எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இரண்டாம் நாளே நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டாள். ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன், ‘கறி மீன் இல்லாமல் போதிய புரதம் பெறுவது எப்படி, அதுவும் சில உணவுகள் ஒத்துக்கொள்ளாதவர்கள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள், முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை என்றேன்.

அவள் கட்டிலைக் காட்டினாள்.

“சார், உங்க கட்டுரை அங்க படுத்துக்கிட்டு கால தூக்குது.”

அன்றைக்கே கட்டுரையைக் கைவிட்டேன். அதற்குப் பதில் இது.

(தலைப்பைப் படித்ததுமே முட்டை ஊற்றப்படவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துபோயிருக்கும். கதை எழுதுகிறவன் கடைசிவரை பொத்தி வைத்திருக்க வேண்டிய விஷயம் அது. வேண்டுமென்றேதான் முதலிலேயே போட்டு உடைத்தேன். காரணம் போகப் போகத் தெரியும்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: “மனித உடலின் கட்டுமானத்தில் புரதத்தின் பங்கு இன்றியமையா—” விட்டுவிட்டேன். இப்படி ஆரம்பிக்கிற எதையும் நானே முழுதாகப் படித்ததில்லை.

இரண்டு: “நீலசந்திராவில் மழை ஓய்ந்திருந்தது. டோரதி சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தொலைவில்—” இதை அவளிடம் படித்துக் காட்டினேன். அந்த ஜன்னலுக்கு முன்னால் வாஷிங் மெஷின் இருக்கிறது, யாரும் அங்கே நிற்கவே முடியாது, அப்படியே நின்றாலும் எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதுதான் தெரியும் என்றாள்.

மூன்றாவது ஒரே வரி. அது நின்றுவிட்டது:

சுந்தரமூர்த்தி கஞ்சிக் குண்டானோடு விழுந்தார்.

3

சுந்தரமூர்த்தி ஆடுகோடியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். குடியாத்தத்துக்காரர், பெங்களூருக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. பட்டறையைக் கொடுத்துவிட்டு நீலசந்திராவில் மகன் சிவசங்கரன், மருமகள் டோரதியோடு இரண்டாம் மாடியில் இருக்கிறார். லிஃப்ட் கிடையாது. மனைவி தவறிப் பல வருஷமாகிறது. சன்மார்க்க சங்கத்தில் சேர்ந்தவர் என்பதால் கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார். மாதப் பூசத்துக்கு சங்கத்துக்காரர்கள் தெருவில் கஞ்சி ஊற்றுவார்கள். ஒரு குண்டான் இவர் வீட்டிலிருந்து போகும்.

அக்டோபர் மாதத்துப் பூசத்தன்று அந்தக் குண்டானை அவரே தூக்கிக்கொண்டு இறங்கினார். கடைசிப் படியில் ஈரம். சத்தம் கேட்டு டோரதி ஓடிவந்தபோது மனுஷன் கஞ்சிக்கு நடுவில் கிடக்கிறார். கால் ஒரு மாதிரி திரும்பியிருக்கிறது. அந்த நிலையிலும் அவர் கேட்டது, குண்டானில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறதா என்று.

தொடை எலும்பு இடுப்புக்குக் கீழே முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். வீட்டுக்குத் திரும்பிய அன்று, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் மாடிக்குத் தூக்கிப் போனார்கள். தூக்கிய ஒவ்வொருவரிடமும் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார் பெரியவர்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டோரதி ஜோகுபாளையத்துப் பெண். கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்தால் வீட்டில் மட்டன் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஞாயிறே இல்லை. சிவசங்கரனும் அவளும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மாமனார் அவளை ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை. ஆனால் அவள் சமைத்ததைச் சாப்பிடவும் இல்லை. வேளாவேளைக்கு மெஸ்ஸுக்குப் போய்விடுவார். கோபமில்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் அவள் கறி சமைத்ததில்லை. வேண்டுமென்றால் அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள்.

ஒருநாள் மெஸ் மூடியிருந்தது. மழை வேறு. வீட்டில் வத்தக்குழம்பு. சுந்தரமூர்த்தி போனார், திரும்பி வந்தார், கை கழுவிக்கொண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“இதுல ஒண்ணும் இல்லையேம்மா?”

“இல்ல மாமா.”

சாப்பிட்டார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

(இந்த இடத்தை நான் கொஞ்சம் நீட்டி எழுதியிருந்தேன். மழைச் சத்தம், அவர் கை லேசாக நடுங்குவது, இத்யாதி. டோரதி கேட்டுவிட்டு, அன்றைக்கு அவர் மூன்று தடவை குழம்பு வாங்கினார், அதைப் போடுங்கள், நடுக்கம் எதுவும் இல்லை என்றாள். போட்டுவிட்டேன்.)

4

தையல் பிரித்த பிறகும் புண்ணின் ஒரு முனை மூடவில்லை. கசிந்துகொண்டே இருந்தது. தொடைச் சதை வற்றிக்கொண்டே போயிற்று. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உடம்பில் புரதம் குறைவு, சாப்பாட்டில் அதைக் கூட்டினால்தான் புண் ஆறும், காலுக்கும் பலம் வரும் என்றார் டாக்டர். தினம் ஒரு முட்டையாவது, என்று இழுத்தார். வேணாம் சார், என்றார் சுந்தரமூர்த்தி. மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு மேல் பேச இடமில்லாத மரியாதை.

உணவு ஆலோசகர் தாரணியிடம் அனுப்பினார்கள். திருப்பத்தூர்ப் பெண், சின்ன வயசு. பால், பனீர் என்று தொடங்கினாள். பால் இவருக்கு ஆகாது. எந்த ரூபத்தில் போனாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும், தயிர் மோர் உட்பட. நிலக்கடலை? வாங்கிக் கொறித்தால் உதடு வீங்கிவிடும். ஒரு தடவை கல்யாண வீட்டில் நிலக்கடலைப் பொடி கலந்த ஏதோ தின்று ஆஸ்பத்திரிவரை போய் வந்திருக்கிறார். சோயாவுக்கும் அதே கதை. தாரணி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். சுந்தரமூர்த்திக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். உனக்கு ரொம்பத் தொல்லை குடுக்கறேன்ல, என்று கேட்டிருக்கிறார்.

மிஞ்சியது பருப்பும் பயறும் விதைகளும். இங்கேதான் நம் எல்லோருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. ‘எங்க வீட்ல தினம் சாம்பார், அப்புறம் புரோட்டீனுக்கு என்ன கொறச்சல்?’ டோரதியும் அதையேதான் சொன்னாள். உங்க சாம்பார்ல ஒரு ஆளுக்கு எத்தனை ஸ்பூன் பருப்பு வரும்னு யோசிச்சுப் பாருங்க, என்றாள் தாரணி. டோரதி யோசித்துப் பார்த்தாள். அவள் சாம்பார் நல்ல சாம்பார்தான். ஆனால் அதில் பருப்பு, குளத்தில் நிலா தெரிவது மாதிரித்தான் இருந்தது.

(இந்த உவமை என்னுடையது. டோரதி, “தண்ணி சார், சொம்மா தண்ணி” என்றாள்.)

அன்றிலிருந்து அவள் விடிவதற்கு முன்னால் எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் யு.கே.ஜி. டீச்சர் அவள், எட்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். கொண்டைக்கடலை, ராஜ்மா, காராமணி, கொள்ளு என்று முறைவைத்து வேகவைத்துத் தாளித்து, ஒரு பெரிய கிண்ணத்தில் போட்டு மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கிண்ணம் காலியாக, கழுவினது மாதிரி இருக்கும். அவளுக்குத் தெம்பாக இருக்கும்.

புண் மட்டும் அப்படியே இருந்தது.

5

டோரதியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல மருமகளை யார் நம்புவார்கள்? கதையில் வருகிறவர்களுக்கு ஒரு கோணலாவது வேண்டாமா? வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன், உங்களிடம் ஏதாவது கெட்ட குணம் இருந்தால் சொல்லுங்களேன் என்று.

அவள் யோசிக்கவே இல்லை. ஒருநாள் காலையில் குக்கர் விசில் வராமல், பள்ளிக்கு நேரமாகி, சிவசங்கரன் வேறு சாக்ஸ் எங்கே என்று கேட்டபோது, கொள்ளு வெந்த பாத்திரத்தை ஸிங்க்கில் போட்டு அடித்திருக்கிறாள். கிழவர் முட்டை தின்ன மாட்டாராம், நான் மட்டும் தூக்கம் கெட்டுச் சாகணுமாம், என்று உரக்கவே சொல்லியிருக்கிறாள். உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவருக்குக் கேட்டிருக்கும். அன்று சாயங்காலம், இனிமேல் இவ்வளவு சிரமப்பட வேண்டாம், கஞ்சியே போதும் என்று அவர் சொன்னபோது அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொண்டாளாம்.

போதும் என்றேன். அவளை நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

6

நவம்பரில் அவளுடைய தம்பி நோயல் வந்தான். நோயல் ஜிம்மில் டிரெய்னர். உலகத்தையே புரதம் உள்ளது, இல்லாதது என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவன். முதலில் ஒரு பெரிய டப்பா பவுடர் கொண்டுவந்தான். பால் கலந்தது என்று டோரதி திருப்பி அனுப்பினாள். பால் இல்லாத டப்பா கொண்டுவந்தான். அது சோயா. மூன்றாவது தடவை வந்தபோது டப்பா இல்லை. பேப்பரில் சுற்றிய நாட்டுக்கோழி முட்டைகள்.

அக்கா, பயத்தம் மாவில் ஒன்றை அடித்து ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியும், வாசனைகூட வராது, இஞ்சி தட்டிப் போடு என்றான். அவன் கெட்டவன் இல்லை. பெரியவரை அவனுக்குப் பிடிக்கும். அவர் கால் சூம்பிப்போவதைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டவன்.

டோரதி அவனைத் திட்டினாள். ஆனால் முட்டைகளைத் திருப்பி அனுப்பவில்லை. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கொத்தமல்லிக் கட்டுக்கு அடியில் வைத்தாள்.

(வைத்தாள் என்பதைக் கவனியுங்கள். நான் எழுதியிருந்தால் வீசியெறிந்திருப்பாள்.)

7

அடுத்த வாரம் மறுபடி நாற்காலி, மறுபடி நாலு பேர், மறுபடி ஆஸ்பத்திரி. புண்ணைப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். ரத்தத்திலும் முன்னேற்றம் இல்லை. இப்படியே போனால் புண்ணை மறுபடி திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், இந்த வயதில் அது நல்லதில்லை என்றார். திரும்பி வரும்போது சுந்தரமூர்த்தி படிகளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் பயத்தம் அடை வார்க்க நின்றாள். சிவசங்கரன் வந்து பக்கத்தில் நின்றான். ஃப்ரிட்ஜைத் திறந்து, கொத்தமல்லியை விலக்கி, ஒரு முட்டையை எடுத்து மேடையில் வைத்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

“ஊத்து. நான் சொல்றேன்ல. என் அப்பா, பாவம் எனக்கு வரட்டும்.”

டோரதி முட்டையை ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்தாள். ஸ்பூனால் அடித்தாள். நுரை வந்தது. மாவுப் பாத்திரத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

இந்த இடத்தில் எனக்கு வந்த ஆசைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரதியில் அவள் ஊற்றிவிட்டாள். புண் ஆறிற்று; பெரியவர் நடந்தார்; டோரதி மட்டும் அந்த வீட்டில் நிம்மதியாக உட்கார முடியாமல் ஆனாள். சோகமாக, கனமாக வந்திருந்தது, பரிசுகூடக் கிடைக்கலாம். இன்னொரு பிரதியில் ஊற்றினாளா இல்லையா என்று உங்களுக்குச் சொல்லாமலே கடைசிவரை இழுத்துக்கொண்டு போனேன். அதுதான் தந்திரமான பிரதி. படித்துப் பார்த்தபோது, நோயல் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் செய்துகொண்டிருக்கிறேன் என்று பட்டது. இஞ்சி தட்டிப் போட்டால் யாருக்குத் தெரியும்? கிழித்துப் போட்டேன். தலைப்பை மாற்றினேன்.

நடந்தது இதுதான். அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊற்றவில்லை. ஏன் என்று கேட்டேன். பாவம் புண்ணியம் எல்லாம் அப்போது தோன்றவில்லை என்றாள்.

“நாளைக்கு தட்ட நீட்டுவார் சார். ‘இன்னும் ஒண்ணு போடும்மா’ம்பார். அப்ப நான் எங்க பாக்கறது?”

வேறு அடுப்பில் சின்னக் கடாயை வைத்தாள். வெங்காயம் நறுக்கிப் போட்டு, அந்த முட்டையை ஆம்லெட்டாக்கிப் புருஷன் கையில் கொடுத்தாள். பாவம் தனக்கே வரட்டும் என்றவன், அதை நின்றபடியே, சத்தமில்லாமல் தின்று முடித்தான்.

8

டோரதி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வெறும் பயத்தம் அடையைத் தட்டில் வைத்து உள்ளே எடுத்துப் போனாள். சுந்தரமூர்த்தி பால்கனிப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். அவரைச் சாய்த்து உட்காரவைத்துத் தட்டை மடியில் வைத்தாள். அவர் ஒரு துண்டு பிய்த்து வாயில் போடுவதற்குள் சொல்லிவிட்டாள்.

“மாமா, இன்னைக்கு இதுல முட்டை ஊத்தலாம்னு உடைச்சி வரைக்கும் வெச்சிட்டேன். ஊத்தல.”

பிய்த்த துண்டு அவர் கையிலேயே இருந்தது. அவளைப் பார்த்தார். அடையைப் பார்த்தார். கதவோரம் வாயைத் துடைத்துக்கொண்டு நின்ற மகனைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் டோரதி நினைத்தாள். ‘ரொம்ப நல்லவம்மா நீ’ என்று சொல்லிவிட்டால் அதைவிட மோசம் என்றும் நினைத்தாள்.

அவர் அந்தத் துண்டை வாயில் போட்டு, நிதானமாக மென்று, விழுங்கினார்.

“அந்த சுண்டல் இருக்குதில்ல,” என்றார். “அத நான் தின்னறதில்ல.”

“என்னது?”

“புறாவுக்குப் போட்டுடறேன்.”

தின்னத் தின்ன வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறது, காற்று அடைத்து மூச்சு முட்டுகிறது, ரெண்டு நாள் தின்று பார்த்தேன், முடியவில்லை என்றார். நீ விடியாமல் எழுந்து செய்து வைத்துவிட்டுப் போகிறாய், எப்படி வேண்டாம் என்று சொல்வது? கட்டிலிலிருந்து கையை நீட்டினால் பால்கனி. மூன்று வாரமாக டோரதி வேகவைத்த கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் கொள்ளும் அந்தக் கையால் அப்படியே வெளியே போயிருக்கின்றன. கிண்ணத்தைச் சொம்புத் தண்ணீரில் கழுவியும் வைத்திருக்கிறார்.*

டோரதிக்கு முதலில் கோபம் வந்தது. தாங்க முடியாத கோபம். அலாரம் வைத்து எழுந்த காலைகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பிறகு, பால்கனிக் கம்பியில் சமீபகாலமாக உட்கார்ந்திருக்கும் புறாக்கள் கழுத்தே இல்லாமல் குண்டு குண்டாக இருப்பது நினைவுக்கு வந்தது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. சிவசங்கரனுக்கும் தொற்றிக்கொண்டது. கிழவர் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தார். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்க அவரும் சிரித்தார்.

அன்று ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அவள் எதையும் ஒளித்துப் போடக் கூடாது. அவர் எதையும் ஒளித்துக் கொட்டக் கூடாது. வயிறு என்ன சொல்கிறதோ அதை அப்படியே சொல்லிவிட வேண்டும், வெட்கப்படாமல்.

———
* நீலசந்திராவில் அந்தச் சமயத்தில் போதிய புரதம் பெற்றுக்கொண்டிருந்த சைவர்கள் இந்தப் புறாக்கள் மட்டுமே.

9

மறுநாள் தாரணியிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் புறா விஷயத்துக்குச் சிரித்துவிட்டு, தப்பு என்மேலும் இருக்கிறது என்றாள். பயறே அதிகம் தின்று பழகாத வயிற்றில் ஒரே நாளில் ஒரு கிண்ணத்தை இறக்கினால் அது என்ன செய்யும்? கொஞ்சமாக ஆரம்பிக்கச் சொன்னாள். நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மசிய வேகவைத்து, முடிந்தால் தோலை நீக்கி. ஒரே வேளையில் நிறைய வேண்டாம். ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம். புதிதாக எதைக் கொடுத்தாலும் முதலில் ஒரே ஒரு ஸ்பூன், உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு மேலே.

(நான் டாக்டர் இல்லை. இது சுந்தரமூர்த்தி என்ற ஒருவரின் வயிற்றுக்குச் சொன்னது. உங்கள் வயிற்றுக்கு உங்கள் டாக்டர்.)

அந்த வீட்டில் அதன் பிறகு நடந்ததெல்லாம் பரீட்சைதான். தோல் நீக்கிய பாசிப்பருப்பு பாஸ். முளைகட்டிய பயறு, வேகவைத்தால் பாஸ், பச்சையாக ஃபெயில். எள்ளுப்பொடி முதல் வகுப்பு. ராஜ்மாவுக்கு அவர் தடையே போட்டுவிட்டார். பூசணி விதையை வறுத்துக் கொடுத்தபோது நாலு மென்றுவிட்டு, ஒப்பந்தப்படி வெளிப்படையாகச் சொன்னார்: “இத புறாவுக்கே குடுத்துடும்மா.” அவள் அதைப் பொடித்துத் துவையலில் சேர்த்து, சேர்த்திருக்கிறேன் என்று சொல்லியே வைத்தாள். சொன்ன பிறகு தின்றார்.

அப்போதுதான் அவரைக்காய்ப் பருவம் வந்தது. டிசம்பர் வந்தால் பெங்களூரில் தெருவுக்குத் தெரு குவித்துப்போட்டு விற்பார்களே, அந்த அவரைக்காய். காய்கறி வண்டிக்காரர் கிருஷ்ணப்பா கீழே நின்று, “அவரேகாயி, ஒள்ளே சொகடு” என்று கூவினார். கன்னடத்தில் ஒள்ளே என்றால் நல்ல, சொகடு என்றால் காயிலேயே இருக்கிற அந்த எண்ணெய் வாசனை. கையில் ஒட்டினால் சாயங்காலம்வரை போகாது. டோரதி ஒரு பை நிறைய வாங்கினாள். முதல் ஸ்பூன் பரீட்சையில் அது பிரமாதமாகத் தேறியது.

அவரைக்கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்துவிட்டுச் சமைப்பது இந்த ஊர் வழக்கம். நல்ல வேலைதான், ஆனால் நேரம் பிடிக்கும். டோரதிக்கு ஏது நேரம்? கிண்ணத்தைக் கட்டிலில் வைத்து மாமனாரைப் பிதுக்கச் சொன்னாள்.

லேத்தில் இரும்பைப் பிடித்துப் பழகிய கட்டைவிரல் அது. முதல் பருப்பு பாய்ந்துபோய்ச் சுவர்க் காலண்டரில் அடித்தது. இரண்டாவது சிவசங்கரன் காதில். பிறகு பக்குவம் பிடிபட்டது. படுத்துக்கொண்டே பிதுக்க முடியாது என்பதால் அவர் சாய்ந்து உட்கார்ந்தார். மடியில் கிண்ணம் சரிகிறது என்று நாற்காலிக்கு மாற்றச் சொன்னார். சாயங்காலத்தில் உள்ளறையில் வெளிச்சம் போதவில்லை என்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். இதெல்லாம் சில வாரங்களில் நடந்தது. தன்னை நடக்கவைக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். (ஏற்பாடா என்று டோரதியைக் கேட்டேன். இல்லை, எனக்கு நிஜமாகவே நேரமில்லை என்றாள்.)

டிசம்பர் நடுவில் புண் மூடிக்கொண்டது. ரத்தத்திலும் புரதம் ஏறியிருந்தது. டாக்டர், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். டோரதி சொல்லத் தொடங்க, பட்டியல் நீண்டுகொண்டே போக, அவர் பாதியில் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

10

“கிறிஸ்மஸுக்கு உங்க அம்மா வீட்டுக்குப் போலாமாம்மா?”

ஒரு மத்தியானம் சுந்தரமூர்த்தி இதைக் கேட்டபோது டோரதி கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஜோகுபாளையம் வீட்டில் கால் வைத்ததில்லை. அழைக்காமல் இல்லை, ஒவ்வொரு வருஷமும் அழைப்பார்கள், அவரும் மரியாதையாக ஒரு காரணம் சொல்வார். இந்த வருஷம் கால் உடைந்திருக்கிறது, காரணமே தேட வேண்டாம். இந்த வருஷம் பார்த்து வருகிறேன் என்கிறார்.

அவளுடைய அம்மா ஆஞ்சலாவுக்குச் செய்தி போனதும் அந்த வீட்டில் பதற்றம். ஃபோன் மேல் ஃபோன். நெய் ஆகுமா? ஆகாது, பாலில்தானே வருகிறது. கேக்? முட்டை. ரோஸ் குக்கீஸ்? முட்டை. மாவைச் சுருட்டிப் பொரிக்கிற கல்கல்லை முட்டை இல்லாமல், வெண்ணெய் இல்லாமல் தேங்காய்ப்பாலில் பிசையலாமா? பிசையலாம். எந்த எண்ணெய்? கடலை எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. அன்றைக்கு மட்டன் வைக்காமல் இருந்துவிடட்டுமா? இதற்கு டோரதி பதில் சொல்வதற்குள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தி ஃபோனை வாங்கினார்.

“எனக்காக பண்டிகைய நிறுத்தாதீங்க. நான் என் தட்ட பாத்துக்கறேன்.”

கிறிஸ்மஸ் அன்று காலையில், வழக்கமாகத் தூக்குகிற நாலு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியோடு மாடிக்கு வந்து நின்றார்கள். அவர் வெள்ளை வேட்டி கட்டி, ஸ்டிக்கை ஊன்றி, வாசலில் நின்றிருந்தார். நாற்காலியைப் பார்த்து, நீங்க உக்காருங்கப்பா, ரொம்ப நாளா தூக்கியிருக்கீங்க என்றார்.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார். டோரதி அவருக்கு முன்னால், முகத்தை அவர் பக்கம் வைத்து, பின்பக்கமாகவே படி இறங்கினாள். அவர் விழுந்தால் இவள் என்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்திருக்கலாம். நடுவில் ஒரு திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். கடைசிப் படிக்கு வந்தபோது அவள் அதைத் துப்பட்டாவால் துடைத்தாள். காய்ந்துதான் இருந்தது. இருந்தாலும் துடைத்தாள்.

11

ஜோகுபாளையத்துத் தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோ நின்றதும் நோயல் ஓடிவந்து கையை நீட்டினான். சுந்தரமூர்த்தி ஸ்டிக்கை ஆட்டோவிலேயே வைத்துவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். என்ன உடம்புடா இது, என்று அந்தத் தோளைத் தட்டிப் பார்த்தார். வாசலில் ஆஞ்சலா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மட்டன் வாசனையும், வேறொரு அடுப்பிலிருந்து அவரைப்பருப்புக் குழம்பின் வாசனையும், ஒன்றாக வந்தன.

டோரதி இதுவரை சொல்லியிருந்தபோது பிசியோதெரபி பெண் வந்து பெரியவரின் காலிலிருந்து மணல் பையைக் கழற்றினாள். அவர் எழுந்து, போலாமாம்மா என்றார். நான் அவசரமாக, உள்ளே போய் என்ன ஆயிற்று, சாப்பிட்டாரா என்று கேட்டேன். டோரதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நீங்கதானே எழுதறவரு சார், எழுதுங்க பாக்கலாம் என்று சிரித்தபடி போய்விட்டாள். அந்த வாரத்தோடு எனக்குத் தோள் சரியாகிவிட்டது. நல்ல செய்திதான். இந்தக் கதைக்கு மட்டும் அது கெட்ட செய்தி.

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் அவர் எல்லோரோடும் மேசையில் உட்கார்ந்து, நோயல் தட்டில் இருப்பதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு, அவரைப்பருப்புக் குழம்பை மூன்று தடவை வாங்குகிறார். இன்னொன்றில் மட்டன் வாசனை தாங்காமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். ஆஞ்சலா தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்து அவரோடு உட்காருகிறாள், அவள் தட்டிலும் அன்று கறி இல்லை. மூன்றாவதில் சாப்பாடே இல்லை. நோயலும் அவரும் காலுக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று பேசிக்கொண்டிருப்பதிலேயே கல்கல் டப்பா காலியாகிவிடுகிறது.

இரண்டாவது எனக்குப் பிடித்தது. அதனாலேயே அதை நம்ப மாட்டேன்.

இத்தனை தூரம் கூட வந்துவிட்டீர்கள். உள்ளே போங்கள். இலை போட்டாயிற்று, எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, நீங்கள்தான் பரிமாற வேண்டும். மட்டனோ, குழம்போ, கல்கல்லோ, எது யாருக்கு என்பது உங்கள் இஷ்டம். ஒரே ஒரு நிபந்தனை: அவர் இலையில் என்ன வைத்தாலும், சொல்லிவிட்டு வையுங்கள்.